ஆடுபவர் வீட்டு நடுவர்

பெயரிலேயே சுண்ணாம்பைச் சுமந்து நிற்கும் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையோரம் அமைந்தது. ஏரி நீர் உள்வாங்கும் கோடை நாள்களில், உப்புப் பூத்துக் காய்ந்த தரையில் இளைஞர்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். சுற்றுப்பட்டு மீனவக் குப்பங்களிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் அணிகள் வரும். ஒலிபெருக்கி கட்டப்படும். மேசைமீது கோப்பைகள் வரிசையாக மின்னும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய இறுதியாட்டம் ஒன்றைக் காண நாமும் போயிருந்தோம்.

கடைசி ஓவர். வெற்றிக்கு இன்னும் மூன்று ஓட்டங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிய ஆட்டக்காரர் சுண்ணாம்புக் கோட்டைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னதாகவே குச்சிகள் சிதறின. திடலைச் சுற்றி நின்ற எல்லாரும் கண்டார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரும் கண்டார். காணாதவர் ஒருவரே. அவர்தாம் நடுவர்.

அந்த நடுவருக்குப் பதினாறு வயது இருக்கும். ஆடிக்கொண்டிருந்த அணியைச் சேர்ந்த பையன். தன் முறை முடிந்து வெளியே வந்தவனை, “போய் அம்பயரா நில்லுடா” என்று அனுப்பியிருந்தார்கள். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நின்றவர் அவனுடைய உடன்பிறந்த அண்ணன். பையனின் கை மேலே எழவில்லை. பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. பிடுங்கப்பட்ட குச்சிகள் எதற்குப் பயன்பட்டன என்பதை, இத்தகைய ஆட்டங்களைக் கண்டவர் அறிவர். கோப்பை யாருக்கும் போகாமல் யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்குப் போயிற்று. மாலையில் தேநீர்க் கடை வாசலில் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம், “ஏன் தம்பி, நீ பார்க்கவில்லையா?” என்று கேட்டோம். அவன் தலை நிமிராமல் சொன்னான்: “பார்த்தேன் பாய். கை தூக்கியிருந்தா ராத்திரி வீட்ல சோறு கிடைச்சிருக்குமா?”

ஊரார் எல்லாரும் அவனையே பழித்தார்கள். கள்ளன் என்றார்கள், இவனால்தான் போட்டி கெட்டது என்றார்கள். நாம் கேட்கிறோம்: அந்தப் பையனை அந்த இடத்தில் நிறுத்தியவர் யார்? அண்ணனையும் உண்மையையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடு என்று பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்திவிட்டு, மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யார்?

தமிழ்நாட்டு ஊர்ப்புறக் கிரிக்கெட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மட்டை பிடிக்கும் அணியே நடுவரையும் தரும். வழக்காடுபவனே நீதிபதியையும் கூட்டிவருவது போன்ற இந்த ஏற்பாட்டை நாம் எல்லாரும் சிறுவயதிலிருந்தே இயல்பென்று ஏற்றுக்கொண்டு வளர்ந்திருக்கிறோம். அதன் விளைவு என்ன தெரியுமா? ஆட்டத்தின் சட்டமே கைகால் இழந்து நிற்கிறது. டென்னிஸ் பந்தில் ஆடும் எந்தத் தெருவிலும் போய்க் கேளுங்கள்: “எல்.பி.டபிள்யூ. உண்டா?” சிரிப்பார்கள். காலில் பட்ட பந்து குச்சியை நோக்கித்தான் போயிருக்கும் என்று சொல்ல ஒரு மனிதரின் கண்ணையும் அவருடைய நேர்மையையும் நம்ப வேண்டும். அப்படி நம்பத்தக்க ஒருவரை நம்மால் நிறுத்த முடியவில்லை. ஆகவே அந்த விதியையே எடுத்துவிட்டோம்! நடுவரைத் திருத்துவதற்குப் பதிலாக நூலைக் கிழித்த கதை இது. ஆட்டக்காரர்களும் குச்சிக்கு முன்னால் காலை நீட்டி நின்றே ஆடக் கற்றுக்கொண்டார்கள். பிறகு மாவட்ட அணித் தேர்வுக்குப் போய், முதல் ஓவரிலேயே காலில் வாங்கி வெளியேறி, “நகரத்தார் சூழ்ச்சி” என்று வந்து சொல்வார்கள்.

“இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு இத்தனை சினம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். மீலாது மேடைகளில் நாம் தவறாமல் கேட்கும் வரலாறு ஒன்று உண்டு. கலீஃபாவாக இருந்த ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள், தொலைந்துபோன தம் போர்க்கவசம் வேற்றுச் சமயத்தார் ஒருவரிடம் இருக்கக் கண்டு காழி ஷுரைஹிடம் வழக்குக்குப் போனார்கள். தம் மகனார் ஹஸன் (ரலி) அவர்களைச் சாட்சியாக நிறுத்தினார்கள். தந்தைக்காக மகன் சொல்லும் சாட்சி செல்லாது என்று காழி தள்ளிவிட்டார். ஆட்சித் தலைவர் வழக்கில் தோற்றார் என்று சொற்பொழிவாளர் முடிக்கும்போது கூட்டம் கண் கலங்குகிறது. மறுநாள் அஸருக்குப் பின் அதே கூட்டத்தின் பிள்ளைகள் திடலுக்குப் போகிறார்கள். தம்பி நடுவராக நிற்க அண்ணன் மட்டை பிடிக்கிறான். அவர்களுடைய தந்தையார் ஓரத்தில் நின்று கைதட்டுகிறார். மகனுடைய சாட்சியே செல்லாது என்று கேட்டு உருகிய நாம், தம்பியைத் தீர்ப்புச் சொல்லும் இடத்திலேயே நிறுத்திவிட்டோம்.

மனிதரை நம்ப முடியாதபோது சீட்டை நம்பலாம் என்று கண்டவர்கள் இந்த ஏரியின் மீனவர்கள். அவர்களுடைய அறிவை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக நின்றுவருகிறது. மீனும் இறாலும் மிகுதியாக ஓடும் நீர்ப்பகுதிகளில் யார், எப்போது, எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்கிறார்கள். சீட்டுக்கு மாமன் இல்லை, மச்சான் இல்லை. நல்ல இடம் இன்று ஒருவனுக்குக் கிடைத்தால் நாளை மற்றவனுக்குக் கிடைக்கும். ஏரியின் வயிற்றில் வெட்டுக்குத்து இல்லாமல் இத்தனை பேர் பிழைப்பதற்கு இம்முறை பெருந்துணை செய்திருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டுகளில் யார் யாருடைய பெயரை எழுதுவது என்பதைச் சீட்டா முடிவுசெய்தது? மனிதர்கள்தாமே முடிவுசெய்தார்கள்! பாட்டில் பெயர் ஏறும் உரிமை பரம்பரையாகக் குறிப்பிட்ட சில ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தாருக்கே இருந்தது. வெளியே நின்றவர்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டதால் எழுந்த பூசல்களை ஏரிக்கரை நன்கு அறியும். இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் எந்தக் குலுக்கலில் இருந்தன? உள்ளே இருப்பவர்களுக்குள் சீட்டு நீதி செய்யும். வாசலில் நிற்பவனுக்கு நீதி சொல்ல, உள்ளேயும் சேராத வெளியேயும் சேராத ஒரு மனிதர் வேண்டும். நடுவர் என்று தமிழ் அவரைத்தான் சொல்கிறது.

இன்று சீட்டின் இடத்துக்கு இயந்திரம் வந்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு டர்பனில் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து மூன்றாவது நடுவர் ரன் அவுட் கொடுத்தபோது, அந்த முறையால் முதலில் வெளியேறியவர் நம் டெண்டுல்கர். 2008இல் இந்திய அணி இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில் தீர்ப்பை மறுஆய்வு கேட்கும் முறை சோதிக்கப்பட்டது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் இளைஞர்கள் சொல்லும்போது, அந்தக் கைப்பேசியை எந்த அணிக்காரர் பிடித்திருந்தார் என்ற கேள்வியோடு அடுத்த சண்டை தொடங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

நடுநிலை என்பது தானாக முளைப்பதன்று. ஒருவர் முன்வந்து கேட்டுப் பெற வேண்டியது. உலகக் கிரிக்கெட்டில் அதை உரக்கக் கேட்டவர் பாகிஸ்தான் அணித்தலைவர் இம்ரான் கான். தம் நாட்டு நடுவர்களால் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தைத் தாமே வேண்டாம் என்று சொல்வது எளிதா? 1986 நவம்பரில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் வெளிநாட்டு நடுவர்கள் இருவர் நிறுத்தப்பட்டார்கள். எந்த நாட்டவர் என்கிறீர்கள்? இந்தியர்! வி. கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். இரு நாடுகளுக்கும் இடையே இருந்த பகையை எண்ணிப் பார்ப்பவர்க்கு அதன் அருமை புரியும். மறுஆண்டு, 1987 டிசம்பரில், பைசலாபாத்தில் உள்நாட்டு நடுவர் ஷகூர் ராணாவும் இங்கிலாந்துத் தலைவர் மைக் கேட்டிங்கும் திடலின் நடுவில் விரல் நீட்டிச் சண்டையிட்டு, ஒருநாள் ஆட்டமே நடைபெறாமற்போயிற்று. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒரு நடுவராவது பிறநாட்டவராக இருக்க வேண்டும் என்றும், 2002 முதல் இருவருமே அப்படியிருக்க வேண்டும் என்றும் உலக அமைப்பு விதித்தது. அந்தப் பன்னாட்டு நடுவர் குழுவில் சென்னையின் வெங்கட்ராகவன் இருந்தார். இந்தியாவுக்கு 57 டெஸ்டுகள் ஆடி, அணித்தலைவராகவும் இருந்தவர், பிறகு நடுவரின் வெள்ளைச் சட்டையை அணிந்து 73 டெஸ்டுகளில் நின்றார். ஆடியதைவிட நடுவராக நின்றதே அதிகம்! நம் ஊரில் நேற்று ஆடி இன்று ஓய்வு பெற்ற ஆட்டக்காரரை அழைத்து, “அண்ணே, நடுவராக நில்லுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். தம்மை இழிவுபடுத்திவிட்டதாக முகம் திருப்பிக்கொள்வார்.

இவர்கள் பெரிய மேடையின் பெரிய மனிதர்கள்; புகழும் ஊதியமும் கிடைக்கும். காமிரா இல்லாத திடலில், பெயர் தெரியாத நடுவர் எதை நம்பி நிற்பார்? இதற்குச் சான்று தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டம் நாட்டின் உயிர். பெரிய நகரங்களின் அணிகளுக்குக் கீழே, சிற்றூர்களின் அணிகள் ஆடும் சிறு லீக்குகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை உச்சத்தில் இருந்தன. 1949இல் 59 சிறு லீக்குகள். பார்க்க வந்தவர் ஏறக்குறைய 4 கோடிப் பேர். பெரிய லீக்கில் 1952 முதல் ஓர் ஆட்டத்துக்கு நான்கு நடுவர்கள். சிற்றூர்களிலோ நான்கு மூலைகளுக்கும் சேர்த்து இரண்டே பேர். ஒருவர் பந்து எறிவதைப் பார்ப்பார். மற்றவர் மீதி மூன்று மூலைகளுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். குறைந்த சம்பளம். இரவெல்லாம் காரோட்டி அடுத்த ஊருக்குப் போவார்கள். ஊர்மக்கள் அவர்களை வரவேற்ற முறை எப்படி என்பதற்கு, “அம்பயரைக் கொல்லு” என்ற கூச்சலே அந்நாட்டில் பழமொழிபோல் ஆகி, 1950இல் அப்பெயரிலேயே ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வந்ததே சாட்சி. நகைச்சுவை! கல் வந்து விழும் தலை அவர்களுடையதன்று அல்லவா?

அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்றவர் எம்மெட் ஆஷ்போர்டு. 1914இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த கறுப்பர். அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவராக நின்று பழகி, 1951இல் ஒரு சிறு லீக்கில் ஒப்பந்தம் பெற்றார். தொழில்முறைப் பேஸ்பாலில் முதல் கறுப்பு நடுவர் அவரே. கறுப்பருக்கு அறை தராத விடுதிகளும் உணவு தராத கடைகளும் நிறைந்த நாடு அன்று அது. வெள்ளையரைப் பார்த்து “நீ அவுட்” என்று ஒரு கறுப்பர் கை நீட்டிச் சொல்வது, அங்கே விளையாட்டோடு நின்றுபோகும் செயலாகுமா? 1954இல் பசிபிக் கடற்கரை லீக்குக்கு உயர்ந்தார். அங்கே நடுவர்களுக்குத் தலைவரும் ஆனார். பெரிய லீக்கின் வாசல் 1966இல்தான் திறந்தது. 15 ஆண்டுக் காத்திருப்பு! வயது 51. அந்த முதல் நாளில் வாஷிங்டன் திடலின் வாயிலில் நின்ற காவலர், இவர் நடுவர் என்பதை நம்பாமல் தடுத்து நிறுத்தினாராம். 1970இல் இறுதித் தொடரான உலகத் தொடரிலும் நின்றுவிட்டே ஓய்வு பெற்றார். அந்த 15 ஆண்டுகளும் ஒவ்வொரு சிற்றூரிலும் அவரைத் தாங்கியது எது? அவருடைய மன உறுதி என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மை. அவரை நியமித்தது ஆடும் அணியன்று, லீக். சம்பளம் தந்ததும் லீக். ஒழுங்கு மீறிய ஆட்டக்காரரை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் வெளியே போ என்றால் போகத்தான் வேண்டும். தனி மனிதரின் நேர்மைக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. நம் பையனுக்குப் பின்னால் ஏரிதான் இருந்தது.

நம் போட்டிகளின் வரவுசெலவைப் பார்ப்போம். அணிகளிடம் நுழைவுக் கட்டணம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடம் நன்கொடை. செலவில் கோப்பைகள், பரிசுத் தொகை, ஒலிபெருக்கி, ஆளுயரப் பதாகைகள், பதாகையில் சிரிக்கும் முகங்கள், விருந்தினருக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி. நடுவருக்கு? ஒரு தேநீரும் ஒரு பன்னும். வெயிலில் எட்டு ஆட்டம் நின்றவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்க மறந்த போட்டிகளை நாமறிவோம். அரைமணி நேரம் வந்து பரிசு வழங்கிச் செல்பவருக்குப் பட்டுத்துணி. காலை முதல் மாலை வரை நீதி வழங்குபவருக்குப் பன்! இந்தக் கணக்கை எழுதியவர்கள்தாம் நாட்டில் நடுநிலை இல்லை, அலுவலகங்களில் நியாயம் கிடைக்கவில்லை என்று நம்மிடம் அங்கலாய்க்கிறார்கள்.

நடுவரும் தவறு செய்வார் என்பதை நாம் மறைக்கவில்லை. தமிழரான முத்தையா முரளிதரனுக்கு நேர்ந்ததை எந்தத் தமிழ் இல்லம் மறக்கும்? 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் அவரைப் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கூறினார். 1999 சனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மீண்டும் கூறியபோது, தலைவர் ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச்சென்று நின்றார். அன்று நாமும் கைதட்டினோம், இன்றும் வருந்தவில்லை. எனினும் முரளியின் பெயரைக் காத்தது அந்த எல்லைக்கோட்டு நிற்பன்று. அவருடைய கையை ஆய்வகங்களில் அளந்தார்கள். மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் அளந்தார்கள். ஏறக்குறைய எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்று கண்டார்கள். 2005இல் 15 பாகை வரை நிமிரலாம் என்று சட்டமே திருந்தியது. 2010இல் அவர் 800 விக்கெட்டுகளோடு விடைபெற்றார். நடுவரின் தவற்றுக்கு மேல்முறையீடு உண்டு. நம் ஊரில் மேல்முறையீடு என்பது குச்சியைப் பிடுங்குவது.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். நடுவர் பணிக்கு ஆளில்லை என்று கைவிரிப்போர், வீட்டின் பாதியை எண்ணாமல் கைவிரிக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்னிஸ் கேரா என்ற பெண்மணி, உயரம் போதாது என்று தள்ளிய சிறு லீக் மீது வழக்காடி வென்று, 1972இல் ஒரே ஓர் ஆட்டத்தில் நடுவராக நின்றார். உடன் நின்ற நடுவர்களே ஒத்துழைக்கவில்லை. மனம் கசந்து அன்றே விலகினார். அரை நூற்றாண்டு கழித்து, 2023 சனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முறையாகப் பெண்கள் மூவர் நடுவர்களாக நின்றபோது அவர்களில் ஒருவர் சென்னையின் என். ஜனனி. மென்பொருள் வேலையை விட்டு வந்தவர். விதிநூலைப் படித்துத் தேர்வெழுதித் தேறுவதுதான் இதற்குத் தகுதி என்றால், நம் இல்லங்களில் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மக்களில் எத்தனை பேர் ஆண்பிள்ளைகளைவிட நன்றாகத் தேறுவார்கள் என்பதைப் பெற்றோரே அறிவர். திடலில் நிற்க இன்று மனம் ஒப்பாவிட்டால் ஓட்டக் கணக்கேட்டையாவது அவர்களிடம் கொடுங்கள். ஓட்டங்கள் குறைவதும் கூடுவதும் நின்றுபோகும்.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களிடமும், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் ஜமாஅத் பெரியவர்களிடமும் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஆடும் இரண்டு ஊர்களையும் சேராத மூன்றாம் ஊர்க்காரர் இருவரை நடுவராக நிறுத்துங்கள். மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் நடுவர் தேர்வுக்கு ஆண்டுக்கு இரண்டு பேரையாவது ஊர்ச் செலவில் அனுப்புங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களுடைய ஊதியத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். முடிந்தபின் கொடுப்பது, தோற்றவன் கையில் கடிவாளத்தைக் கொடுப்பதாகும். எல்.பி.டபிள்யூ. விதியை மீண்டும் கொண்டுவாருங்கள். திடலுக்குள் கால் வைக்கும் தந்தையின் பிள்ளை அணியிலிருந்து வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். இந்தக் கடைசி விதியை எதிர்ப்பவர்கள் யார் யார் என்பதை நாம் இப்போதே பெயரோடு சொல்லிவிடுவோம். அச்சில் வேண்டாமே என்று விட்டுவைத்திருக்கிறோம்.

அந்தப் பையன் அதற்குப் பிறகு நடுவராக நின்றதில்லை என்று கேள்விப்பட்டோம். ஆடுவதையும் விட்டுவிட்டானாம். அண்ணன் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்.

வரும் கோடையில் ரசீதுப் புத்தகத்தோடு நம் வாசலுக்கும் வருவார்கள். செலவுப் பட்டியலை வாங்கிப் பார்ப்போம். நடுவர் என்று எழுதிய வரிக்கு எதிரே எவ்வளவு தொகை இருக்கிறதோ, அதே தொகையை நம் பெயருக்கு எதிரேயும் எழுதிக் கொடுப்போம். அந்த வரியே இல்லாவிட்டால், தேநீர் கொடுத்து அனுப்பிவைப்போம். விரும்பினால் ஒரு பன்னும் உண்டு.